இடம் விடாத மெத்தை

பெரிய மாமா மெத்தையிலிருந்து உருண்டு வெற்றிலைப் பையோடு அடுப்படி வாசல்வரை வந்து கிடந்தபோது, அம்மா ரசக் கரண்டியைக் கையில் பிடித்தபடி, "அதுல ஆளு இருக்குண்ணே" என்றாள்.

யார் இருக்கிறது என்று தரையில் கிடந்தபடியே அவர் கேட்டார். மெத்தையில் ஒருத்தரும் இல்லை. நடுவில் மட்டும் ஒரு பள்ளம், ஒல்லியான ஆள் ஒருக்களித்துப் படுத்த அளவுக்கு இருந்தது, அதன் மேலிருந்த விரிப்பு மூச்சு வாங்குகிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா முந்தானையைக் கடித்தாள். அப்பா எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார். எனக்கு இந்த இழுவையெல்லாம் ஆகாது.

"பவுன்தாய் அத்தை இருக்கு" என்றேன்.

பெரிய மாமா முகம் அப்போது போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. பவுன்தாய் என் அப்பாவின் அக்கா. அவளைக் கட்டியவர் மொக்கராசு மாமா. மொக்கராசு மாமாவின் அண்ணன்தான் இந்தப் பெரிய மாமா, பேர் ராசாங்கம், ஊர் எழுமலை. அந்த வீட்டில் தம்பி பொண்டாட்டி மூத்தவர் முன்னால் உட்கார மாட்டாள், முகம் பார்த்துப் பேச மாட்டாள், மூத்தவரும் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேச மாட்டார். தாகம் எடுத்தால் அவர் சுவரைப் பார்த்து, இந்த வீட்டுல தண்ணி கெடைக்குமா என்பார். அத்தை எருமையைப் பார்த்து, செம்புல வச்சிருக்கு என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் சுவர் வழியாகவும் எருமை வழியாகவும்தான். அப்பேர்ப்பட்ட மனுஷன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயரலாம் என்று தம்பி பொண்டாட்டி படுத்திருக்கிற மெத்தையில் போய்ச் சாய்ந்துவிட்டார்.

படுக்கச் சொன்னது அப்பாதான். அவர் புரோட்டா மாஸ்டர், ராத்திரியெல்லாம் கல்லில் நிற்கிறவர், பகலில் பாதித் தூக்கத்தில்தான் எதையும் சொல்வார். "படுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பெரிய மாமா எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். என்னைப் பார்த்துத்தான் பேசினார், அம்மாவைப் பார்த்தோ அப்பாவைப் பார்த்தோ இல்லை.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறடா மருமகனே. அவளை 'போறேன்'னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்ற. நாளைக்கு வேன் வருது, ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். அதுக்கப்புறம் அவளுக்கு இங்க எதுக்கு எடம்?"

அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். எங்கள் மெத்தையின் சமாச்சாரம் எழுமலை தாண்டி எம்.கல்லுப்பட்டிவரைக்கும் போயிருந்தது. உங்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன்.

எங்கள் வீடு மதுரையில் பெரியாஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு மாடியில் இருக்கிறது, ஒரு ஹால், ஒரு அடுப்படி, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு இருப்பவனுக்குத் தெரியும், அவனுக்குச் சொந்தபந்தம் மற்றவர்களைவிட அதிகம். தேனிப் பக்கம் ஒருத்தருக்கு மூலம் என்றாலும் உசிலம்பட்டிப் பக்கம் ஒருத்திக்குத் தலைப்பிரசவம் என்றாலும் முதலில் எங்கள் மாடிப்படியில்தான் செருப்புச் சத்தம் கேட்கும். வந்தவர்கள் ஒரு ராத்திரி என்பார்கள், டாக்டர் நாளைக்கு வரச் சொன்னார் என்பார்கள், நாளைக்கு நாளன்னைக்கு ஆகும். அவர்களைச் சாப்பிட வைப்பது அம்மாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. படுக்க வைப்பதுதான் பெரும்பாடு.

கோரைப்பாய் போட்டால் மூட்டுவலிக்காரர்கள் காலையில் தரையிலிருந்து எழ முடியாமல் இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். இலவம்பஞ்சு மெத்தை ஒன்று இருந்தது, அது கட்டி கட்டியாகத் திரண்டு, படுத்தவர்கள் கல்லுக்குவியலில் படுத்த மாதிரி முதுகைத் தடவிக்கொண்டு எழுந்தார்கள். நைலான் கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்து, வயிற்றில் தையல் போட்டவர்களை ரெண்டாக மடித்தது. இரும்பு மடக்குக் கட்டில் புரண்டு படுத்தாலே பேருந்து பிரேக் போடுகிற மாதிரிக் கத்தி, கீழ்வீட்டு மைமூன் அக்காவின் பிள்ளைகளை எழுப்பியது. காற்றடிக்கிற மெத்தை ஒன்றை அப்பா யாரிடமோ வாங்கி வந்தார், அது விடியும்முன்னே ஆறிப்போன பூரி மாதிரி அமுங்கி, சம்பந்தி ஒருத்தரைத் தரையோடு தரையாக இறக்கிவிட்டது.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தண்ணீர் கேன் போடுகிறேன். நாளெல்லாம் படி ஏறுகிறவனுக்குத்தான் படுக்கையின் அருமை தெரியும் என்று அம்மா என்னையே போய் வாங்கி வரச் சொன்னாள். கடை கடையாகப் போய் ஒவ்வொன்றிலும் செருப்பைக் கழற்றிவிட்டு நிஜமாகவே படுத்துப் பார்த்தேன். கடைக்காரர்கள் முறைத்தார்கள். உட்கார்ந்து அமுக்கிப் பார்ப்பதெல்லாம் ஏமாற்று வேலை, படுத்துப் பார்க்க வேண்டும், ஒருக்களிக்க வேண்டும், இடுப்பு தரையில் முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு கையை ஊன்றி எழுந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் நோயாளிக்குப் படுப்பதைவிட எழுவதுதான் கஷ்டம். கடைசியில் பாலத்துக்கடியில் பிளாட்பாரத்தில் விரித்து வைத்திருந்த ஒரு மூன்று மடிப்பு மெத்தையில் படுத்தேன், படுத்ததும் தூங்கிவிட்டேன். அந்த ஆள் என்னைத் தட்டி எழுப்பி, "தம்பி, இதுல படுத்தவன் லேசுல எடத்தை விட மாட்டான்" என்றார். அது வியாபாரப் பேச்சு என்று நினைத்து அதை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் படுத்தது சின்னமனூர் சித்தப்பா. கண்ணில் புரை என்று வந்தவர் சுகமாகத் தூங்கினார், காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு எல்லாரும் சொல்கிற மாதிரி "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மெத்தை அதை நம்பிவிட்டது. வருகிறேன் என்றாரே, வருகிறவருக்கு இடம் வேண்டாமா என்று அவர் படுத்த பள்ளத்தை அப்படியே வைத்துக்கொண்டது. அடுத்து வந்த போடிக்காரர் படுத்ததும் உருண்டார். அதற்கடுத்து வந்தவரும் உருண்டார். தொட்டுப் பார்த்தால் பள்ளம் ஆள் சூட்டில் இருந்தது. காது வைத்தால் குறட்டை.

அம்மா பயப்படவில்லை. விளக்கேற்றவும் இல்லை, வேப்பிலை கட்டவும் இல்லை. மெத்தையைச் சுவரோரம் தள்ளிவிட்டு மற்ற விருந்தாளிகளுக்குப் பாயைப் போட்டாள். தெரு வந்து பார்த்தது. சாமியா பேயா என்று கொஞ்ச நேரம் பேசினார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். மைமூன் அக்காதான் முதலில் அதற்கு ஒரு உபயோகம் கண்டுபிடித்தது. மார்கழிக் குளிரில் மாவு புளிக்கவில்லை என்று குண்டானைக் கொண்டுவந்து சித்தப்பாவின் வயிற்றுப் பக்கம் வைத்தது. குண்டானை மெத்தை தள்ளவில்லை, ஆள் படுத்தால்தான் தள்ளும். காலையில் மாவு பொங்கி வழிந்தது. அதற்குப் பிறகு தெருவில் பாதி வீட்டு மாவு எங்கள் மாடியில்தான் புளித்தது, வந்து எடுத்துப் போகிறவர்கள் சித்தப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள், அவர் சின்னமனூரில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாலும்.

பாய்ச்சிக்கொண்டிருந்தால்தானே. சித்திக்கு இந்த விஷயம் எட்டியதும் அது பொழுதுக்கும் அம்மாவுக்குப் போன் போட ஆரம்பித்தது. இப்ப என்ன பண்றாரு என்று கேட்கும். குறட்டை விடுறாரும்மா என்று அம்மா உள்ளதைச் சொல்லுவாள். தோட்டத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு எங்கடா போயித் தூங்குற என்று அந்தப் பக்கம் சித்தி கிளம்பிவிடும். இப்படியே கொஞ்ச நாள் போனது. ஒருநாள் சித்தப்பாவே போன் போட்டு, எப்படித்தான் இதிலிருந்து விடுபடுவது என்று கேட்டார். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன், வருகிறேன் என்று சொன்னதால்தான் இந்த வினை, போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள் என்று. நல்ல நாளும் பொழுதுமாக எவனாவது அப்படிச் சொல்லுவானா என்று கத்தினார். பிறகு கோபத்தில், "போறேன் போறேன் போறேன்" என்று சொல்லிப் போனை வைத்தார். மெத்தை ஒரு பெருமூச்சு விட்டுத் தட்டையானது.

சித்தப்பாவுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் எங்கள் வீட்டுக்கு மட்டும் அவரால் அதற்குப் பிறகு வர முடியவில்லை. கிளம்புவார், பஸ் வத்தலக்குண்டில் படுத்துவிடும். இன்னொரு தடவை கிளம்புவார், தூங்கிப்போய்த் திருமங்கலத்தில் இறங்குவார். எங்கள் தெருமுனைவரை வந்துவிட்டு வழி தெரியாமல் திரும்பிப் போனதாகவும் சொன்னார். போகிறேன் என்று சொன்னவருக்கு எங்கள் வீட்டில் இடம் முடிந்துவிட்டது.

அதிலிருந்து தெருவே வார்த்தையைப் பார்த்துப் பேசத் தொடங்கியது. அம்மா ஒவ்வொரு விருந்தாளியையும் படியில் நிறுத்தி, வர்றேன்னும் சொல்லாதீங்க, போறேன்னும் சொல்லாதீங்க, "கெளம்புறேன்"னு மட்டும் சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டாள். கிளம்புகிறேன் என்றால் மெத்தை கொஞ்ச நேரம் யோசிக்கும். எங்கே கிளம்புகிறார், எதற்குக் கிளம்புகிறார் என்று குழம்பி, சாயங்காலத்துக்குள் சூடு ஆறிக் காலியாகிவிடும். மைமூன் அக்கா மகனை ஸ்கூலுக்கு அனுப்பும்போதுகூட, கெளம்புறேன்னு சொல்லு என்று சொல்லப் பழகிவிட்டது. தையல் கடையில், பெட்டிக் கடையில், எல்லா இடத்திலும் கிளம்புகிறேன்தான். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் தெரு மரியாதை தெரியாத தெருவாகத் தெரிந்திருக்கும். இருக்கட்டும்.

இப்படி நாங்கள் சூதானமாக இருந்தபோதுதான் அத்தை வந்தாள். வயிற்றில் கட்டி. எலுமிச்சை அளவாக இருந்தது தேங்காய் அளவாகிவிட்டது என்று மொக்கராசு மாமா கையைக் குவித்துக் காட்டினார். அட்மிட் ஆகிறதுக்கு முந்தின ராத்திரி அத்தை அந்த மெத்தையில் படுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக மெத்தையில் படுக்கிறாளாம், கூச்சமாக இருக்கிறது என்று காலை மடக்கிக்கொண்டாள். காலையில் அம்மா படியில் நிறுத்திச் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அத்தை ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டு திரும்பி, "போயிட்டு வர்றேன் ஜோதிமணி" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பொம்பளையிடம் அப்படிச் சொல்லாதே என்று யார் சொல்வது. அம்மா, "வாங்க மதினி" என்றாள். மெத்தை கேட்டுக்கொண்டது.

அத்தையின் பள்ளத்தில் யாரும் மாவு வைக்கவில்லை. மைமூன் அக்காவே யாரையும் வைக்க விடவில்லை.

டாக்டரம்மா ஆபரேஷன் என்று சொன்னார். பண்ணினால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம், பண்ணாவிட்டால் நிச்சயம் உயிர் போய்விடும் என்று உடைத்தே சொன்னார். எனக்கு அப்படிச் சொல்கிறவர்களைப் பிடிக்கும். ஆனால் மொக்கராசு மாமா கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அண்ணன் வரட்டும் என்றார். சட்டை எடுத்தால்கூட அண்ணனைக் கேட்டு எடுக்கிறவர். அண்ணன் வந்தார், வரும்போதே முடிவோடு வந்தார். இவர்களுடைய அம்மாவை இதே மாதிரிக் கூட்டிவந்து அறுத்து, அந்தம்மா ஆஸ்பத்திரியிலேயே செத்துப்போயிருக்கிறது. வெளியில் செத்த உடம்பை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று தெருவில் பந்தல் போட்டுக் கிடத்தியிருக்கிறார்கள். மழை வேறு. ஆத்தாவை நனைய விட்டேன், இவளையும் விட மாட்டேன், சாகிறதுன்னா சொந்த வீட்டுக் கூரைக்குக் கீழ சாகட்டும் என்றார். கெட்டவர் இல்லை. ஆனால் அவர் பேச்சில் அத்தை ஏற்கனவே செத்தவளாக இருந்தாள்.

அந்த மனுஷன்தான் மெத்தையிலிருந்து உருண்டார், அவர்தான் என்னை அனுப்பினார். அம்மா கஞ்சித் தூக்கை என் கையில் கொடுத்தாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

வார்டில் அத்தை உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரிக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாடா மருமகனே, எங்கிட்டு ஒக்காருவ, எடமே இல்ல" என்று காலை ஒடுக்கிக்கொண்டாள். இந்தக் கட்டில் யாரையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறதே இல்லை, ஒண்ணுக்குப் போய்விட்டு வருவதற்குள் வேறொருத்தியைக் கொண்டுவந்து படுக்க வைத்துவிடுகிறார்கள், உன் மெத்தை தேவலை என்றாள்.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மத்தியானம் என்னமோ மலை சரிஞ்ச மாதிரி பக்கத்துல விழுந்துச்சேடா, யாரு?"

"பெரிய மாமா."

அத்தை சேலையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்குதுடா வலிக்குதுடா என்று சிரித்தாள். பின்னல் பாதியில் நின்ற பக்கத்துக் கட்டில்காரியும் எதற்கென்று தெரியாமல் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், பெரியவர் என்ன சொல்லிவிட்டார் என்றாள்.

எனக்குப் பொய் வராது. சொன்னேன், போறேன்னு சொல்லச் சொன்னாரு, நாளைக்கு வேன் வருது.

அத்தை தூக்கின் மூடியைத் திறந்து பார்த்தாள். "பெரியவரு சொல்லி நான் எதையும் தட்டுனது இல்லையேடா" என்றாள். சொல்லிவிட்டு உண்மையிலேயே வாயைத் திறந்தாள். நான் ஒரு கரண்டி கஞ்சியை அள்ளி அந்த வாயில் வைத்துவிட்டேன். விழுங்கிவிட்டு மறுபடி திறந்தாள், மறுபடி வைத்தேன். தூக்குக் காலியாகிறவரைக்கும் அவளை ஒரு வார்த்தை பேச விடவில்லை. கடைசிக் கரண்டி முடிந்ததும் கேட்டேன், உனக்கு ஆபரேஷன் வேணுமா வேணாமா.

"என்னைய யாருடா கேட்டா?"

"இப்பக் கேக்குறேன்ல."

வீட்டில் இப்போது நிற்கிற இள எருமை சினையாக இருக்கிறது என்றாள். தலையீத்து, மொக்கராசு மாமாவுக்குப் பிரசவம் பார்க்கத் தெரியாது, பயந்த மனுஷன், கன்று தலைதிரும்பி வந்தால் என்ன செய்வார் என்றாள். அதற்காகவாவது இருக்க வேண்டும். அப்புறம், சும்மாவே இருக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது, எதற்கென்று சொல்லத் தெரியவில்லை என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது பெரிய மாமா வாசலிலேயே நின்றிருந்தார். சொல்லிட்டாளா என்றார். சொல்லல, நான் சொல்ல விடல என்றேன். அதுக்கு ஆபரேஷன் வேணும், உங்களுக்கு நம்பிக்கை இல்லேன்னா நீங்களே கேளுங்க, இந்தா, இங்கதான படுத்திருக்கு. அப்பா பாய்ந்துவந்து கையை ஓங்கினார். புரோட்டா அடிக்கிற கை, விழுந்திருந்தால் காது போயிருக்கும். பெரிய மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு மாப்ள, அவன் பேசுறது பேச்சுத்தான்."

அவர் மெத்தைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் தொண்டையைச் செருமினார். பிறகு சுவரிடம், "இந்த வீட்டுல படுத்திருக்கிறவுகளுக்கு, அறுக்கிறதுல சம்மதமா இல்லையான்னு தெரியல" என்றார்.

சுவர் ஒன்றும் சொல்லவில்லை. எருமை இல்லாத வீட்டில் பதில் யார் வழியாக வரும். மைமூன் அக்கா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது, அதன் பின்னால் தெருவில் பாதி. அம்மாதான் மெதுவாக, "செவுத்தைக் கேட்டா செவுருதாண்ணே சொல்லணும்" என்றாள்.

பெரிய மாமா திரும்பினார். ஒரு வண்டியைத் திருப்புகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகத் தன் உடம்பைத் திருப்பி, அந்தப் பள்ளத்தை நேராகப் பார்த்தார்.

"பவுனு" என்றார். அவர் அந்தப் பேரைச் சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை. "நீ என்னம்மா சொல்ற?"

பள்ளத்தில் மூச்சு நின்றது. பிறகு அது அசைந்தது. ஒருக்களித்திருந்தது மல்லாந்தது, மல்லாந்தது சுருங்கி மெத்தையின் நடுவில் ஆள் உட்கார்ந்த குழியாக ஆனது, ஒரு கை ஊன்றியதற்கு ஓரத்தில் ஒரு சின்னக் குழி விழுந்தது, அது ஊன்றி ஊன்றி, வலியோடு எழுகிறவர்கள் எழுகிற மாதிரி நடுநடுவே நின்று நின்று, கடைசியில் மெத்தை முழுக்கத் தட்டையாகி இரண்டே இரண்டு பாதங்கள் மட்டும் அழுந்தித் தெரிந்தன. மெலிந்த பாதங்கள், குதிகால் ஆழமாக, விரல்கள் விரிந்து. மூத்தவர் முகம் பார்த்துக் கேட்டால் தம்பி பொண்டாட்டி உட்கார்ந்துகொண்டா பதில் சொல்வாள்?

"நிக்கிறா" என்றார் பெரிய மாமா. எங்களைப் பார்த்தார், மறுபடி பாதங்களைப் பார்த்தார். "மாப்ள, நிக்கிறாடா. நிக்கிற ஆளை நான் எப்படி வேன்ல படுக்கப்போட்டுக் கூட்டிட்டுப் போறது?"

பிறகு, உக்காரு ஆத்தா, உக்காரு ஆத்தா என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் எழுந்து அடுப்படிப் பக்கம் போகிறவரைக்கும் அந்தப் பாதங்கள் உட்காரவில்லை. அன்றைக்கு அவர் வெறும் தரையில், மெத்தைக்குக் கால் நீட்டாமல், தலைமாட்டுப் பக்கம் படுத்துக்கொண்டார். பாய் போடுகிறேன் என்று அம்மா சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

மொக்கராசு மாமா கையெழுத்துப் போட்டார். ஆனால் பெரிய மாமா பயத்தை முழுசாக விடவில்லை. ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது என்னை மட்டும் நிறுத்தினார். நீ இங்கேயே இரு, மெத்தையில் வைத்த கையை எடுக்காதே என்றார். "குளுந்துச்சுன்னா அந்த நிமிசமே எனக்குப் போன் போடு. டாக்டருக சொல்ற வரைக்கும் நான் காத்திருக்க மாட்டேன். ஊருக்குச் சொல்லிவிட்டுப் பந்தலுக்கு ஏற்பாடு பண்ணிருவேன். இவளாவது நனையாம இருக்கட்டும்." ஊருக்குச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எழுமலையில் கொட்டுக்காரர்களுக்குச் சொல்லுவார்கள், பெண்கள் தலையை விரித்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள், அதற்குப் பிறகு அந்தச் சாவை யாரும் திருப்பி வாங்க முடியாது. உயிரோடு வந்தால்கூட, எழவு சொல்லப்பட்டவள் என்று அவள் பேரில் ஒட்டிக்கொள்ளும்.

சரி என்றேன். அப்போது நிஜமாகத்தான் சொன்னேன்.

மெத்தையோரம் உட்கார்ந்து கையை வைத்தேன். அத்தை மல்லாந்து படுத்திருந்தாள், மயக்க ஊசி போட்டிருப்பார்கள் போல, மூச்சு நீளமாக, ஒரே சீராக வந்தது. மைமூன் அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து தஸ்பி மணியை உருட்டியது. கீழே தெரு அதன் பாட்டுக்கு இருந்தது, காய்கறி வண்டி வந்தது, யாரோ யாரிடமோ கிளம்புறேன் என்று சொன்னார்கள். டீ ஆடை கட்டியது.

அப்போது மூச்சு குறைந்தது. முதலில் என் கைதான் மரத்துவிட்டது என்று நினைத்தேன். கையை மாற்றி வைத்தேன். கால் பக்கத்திலிருந்து சூடு வடிந்துகொண்டு வந்தது, முழங்கால் போனது, இடுப்பு போனது, பள்ளம் ஓரங்களிலிருந்து மேலே எழும்பி வந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெத்தை கடையில் விரித்து வைத்திருந்த மாதிரித் தட்டையாகிவிட்டது. கையை வைத்தால் தண்ணீர் கேனின் வயிறு மாதிரி ஜில்லென்று இருந்தது. மைமூன் அக்கா எழுந்து வந்து தொட்டுப் பார்த்தது. தொட்ட கையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டது.

"போன் போடு தம்பி" என்றது.

போனை எடுத்தேன். பெரிய மாமா நம்பரையும் எடுத்தேன். கட்டைவிரலை வைத்தால் போதும்.

உசிலம்பட்டி பஸ்ஸில் சன்னலோர சீட்டுக்கு நாங்கள் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். கேன் தூக்கும்போது தோளில் போடுகிற துண்டு கழுத்தில் கிடந்தது. அதை எடுத்து உதறி, அத்தை படுத்திருந்த இடத்தில், தலை இருந்த இடத்திலிருந்து கால் இருந்த இடம்வரைக்கும் நீளமாக விரித்துப் போட்டேன்.

"என்னடா பண்ற?"

"எடம் போட்டிருக்கேங்க்கா. ஆளு வருது."

மைமூன் அக்கா என்னைப் பார்த்த பார்வையை என்ன சொல்வது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. துண்டுக்குப் பக்கத்தில், மெத்தையின் ஓரத்தில், எனக்கு அரையாள் இடம் எடுத்துக்கொண்டு படுத்தேன், வருகிறவளுக்குப் படுக்கை ஜில்லென்று இருக்கக் கூடாது. என் உடம்புச் சூடு அந்தப் பக்கம் போகட்டும் என்று முதுகை ஒட்டி வைத்தேன். அத்தை, வர்றேன்னு சொன்னேல்ல, சொன்ன சொல்லை மாத்துனவளா நீ, எருமையை யாரு பாக்குறது, மொக்கராசு மாமா பயந்த மனுசன்னு நீதான சொன்ன என்று வாய்விட்டே திட்டினேன். திட்டத் திட்ட எனக்கு அழுகை வந்தது, அது வேறு எரிச்சலாக இருந்தது. மைமூன் அக்கா என்னிடம் போனைக் கேட்டுக் கை நீட்டியது. நான் கொடுக்கவில்லை. அது நீட்டிய கையை மடக்கித் தரையில் உட்கார்ந்து, அந்தத் துண்டின் ஒரு நுனியைக் காற்றில் நழுவாமல் பிடித்துக்கொண்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதுகில் ஒரு இடம், பொட்டு வைக்கிற அளவுக்கு, சுட்டது. பிறகு அது உள்ளங்கை அளவானது. துண்டுக்குக் கீழே எதுவோ மெல்ல அமுங்கியது, மறுபடி மேலே வந்தது, மறுபடி அமுங்கியது, அதற்கு ஏற்றபடி துண்டு ஏறி இறங்கியது. மைமூன் அக்கா நுனியை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து, அல்லா என்றது. அப்புறம் ஒரு முழங்கை என் விலாவில் இடித்தது, ஒரு முழங்கால் என் இடுப்பில் வந்து அழுத்தியது, தூக்கத்தில் இருக்கிற பொம்பளைக்கு இருக்கிற அவ்வளவு பலத்தோடு அத்தை என்னை அவள் மெத்தையிலிருந்து தள்ளிவிட்டாள்.

தரையில் கிடந்தேன். கையில் போன் இன்னும் எரிந்துகொண்டிருந்தது, அதில் பெரிய மாமா நம்பர் இருந்தது. குளிர்ந்தால் அந்த நிமிடமே கூப்பிடச் சொல்லியிருந்தார். நான் கூப்பிடவில்லை.